ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நிலையான முகவரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளிடம் உள்ள தகவல்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது இன்று புதிதாக எழுந்த கோரிக்கை அன்று. மத்திய அரசின் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012-இல் வந்தது. அதே ஆண்டில் அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. அந்தத் தரவுகளை எவரும், வணிக நோக்கத்துக்கும்கூட, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமம் 2017-இல் அறிவிக்கப்பட்டது. தமிழக அரசும் 2022-இல் தனக்கெனத் தரவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், ஓர் ஊரைப் பற்றி அரசுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க முயலும் ஒருவர் தொடக்கத்திலேயே திணறிப்போகிறார். தகவல் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் ஒரு துறை சொல்லும் ஊரும் இன்னொரு துறை சொல்லும் ஊரும் ஒன்றுதானா என்று உறுதிசெய்துகொள்ள வழியில்லை. இந்தக் குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நான் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவன். கண்மாய் எனப்படும் ஏரிகளை நம்பிப் பாசனம் செய்யும் ஊர்களின் நீர்நிலைக் குறிப்புகளைத் திரட்டும் வேலையில் நண்பர்கள் சிலரோடு ஈடுபட்டு வருகிறேன். இந்த வேலையில் இறங்கிய எவருக்கும் தெரிந்த நிலைமை இது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். எவர் பொறுப்பில் இருந்தாலும், அது அமைந்துள்ள நிலம் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு என்று புல எண்ணோடு பதிவாகியிருக்கும். மீன்பாசிக் குத்தகை ஒரு கோப்பில், குடிமராமத்துப் பணி இன்னொரு கோப்பில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்த வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்) தூர்வாரல் மற்றொரு கோப்பில் இருக்கும். நீர்வளத் துறை அந்தக் கண்மாயை ஆற்றுப்படுகை வாரியாக வரிசைப்படுத்துகிறது. வருவாய்த் துறை வட்டம், குறுவட்டம், வருவாய்க் கிராமம் வாரியாகவும், ஊரக வளர்ச்சித் துறை ஒன்றியம், ஊராட்சி வாரியாகவும் வரிசைப்படுத்துகின்றன. வருவாய்க் கிராமத்தின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் பல இடங்களில் ஒன்றல்ல. இவற்றுக்கு நடுவே ‘பெரிய கண்மாய்’, ‘புதுக்கண்மாய்’ என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால், ஒரு பட்டியலில் உள்ள புதுக்கண்மாய்தான் அடுத்த பட்டியலில் உள்ள புதுக்கண்மாயா என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டதும் எங்கள் குறிப்பேட்டோடு நின்றுவிடுகிறது. அடுத்து வருபவர் அதே கேள்வியோடு அதே ஊருக்குப் போக வேண்டும்.

மாநில அளவில் பார்த்தால் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்றும், அவற்றில் சுமார் 14,000 நீர்வளத் துறையைச் சேர்ந்தவை என்றும் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட முதலாவது நீர்நிலைக் கணக்கெடுப்போ நாடு முழுவதும் 24,24,540 நீர்நிலைகள் என்று கூறி, தமிழகத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கணக்கிட்டது. இரண்டும் தவறில்லை; ஊருணி, குளம், குட்டை, தடுப்பணை எல்லாம் இரண்டாவது கணக்கில் சேருகின்றன. ஆனால் முதல் கணக்கில் உள்ள ஒரு கண்மாய் இரண்டாவது கணக்கில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும் பொதுவான அடையாளம் எதுவும் மக்கள் கைக்குக் கிடைக்கவில்லை. ஆக்கிரமிப்பு பற்றிய ஒரு தகவலும் ஆயக்கட்டு பற்றிய ஒரு தகவலும் ஒரே கண்மாயைப் பற்றியவை என்று அறிய முடியாமல் தனித்தனியே கிடக்கின்றன. நீர்நிலைகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தனிச் சட்டம் இயற்றிய மாநிலத்தில் இந்த நிலை நீடிப்பது மிகவும் வருத்தத்துக்குரியது.

இதற்கான தீர்வு தொழில்நுட்ப உலகில் ஏற்கெனவே வகுத்துச் சொல்லப்பட்டுள்ளது. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் எழுதிய ஒரு குறிப்பில் நான்கு நெறிகளைக் கூறினார். பேசப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் யாரும் சென்று பார்க்கக்கூடிய இணைய முகவரியாகவே இருக்க வேண்டும். அங்கே சென்றால் அப்பொருளைப் பற்றிய பயனுள்ள தகவல், பொதுத் தரநிலைகளின்படி கணினியும் படித்தறியும் வடிவில் கிடைக்க வேண்டும். அதோடு தொடர்புடைய பிற பொருள்களின் முகவரிகளுக்கு அங்கிருந்து இணைப்பும் இருக்க வேண்டும். இதைத்தான் இணைக்கப்பட்ட திறந்தநிலைத் தரவு என்கிறார்கள். 2010-இல் அவரே இதற்கு ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்றைச் சேர்த்தார். திறந்த உரிமத்தோடு எந்த வடிவிலாவது வெளியிட்டால் ஒரு நட்சத்திரம். கணினி கையாளக்கூடிய அட்டவணையாக இருந்தால் இரண்டு, அதுவும் எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத சிஎஸ்வி போன்ற வடிவில் இருந்தால் மூன்று, பொருள்களுக்கு நிலையான இணைய முகவரி கொடுத்தால் நான்கு, பிறருடைய தரவோடு இணைத்தால் ஐந்து. நம் துறைகளின் வெளியீடுகளில் பெரும்பகுதி பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. உரிமம் என்னவென்று அவற்றில் ஒரு வரிகூட இல்லாதபோது முதல் நட்சத்திரத்துக்கே அவை தகுதி பெறுவதில்லை.

கண்மாயை வைத்தே இதை விளக்கலாம். எங்கள் பகுதிக் கண்மாய்கள் தொடர்க் கண்மாய்கள். மேலே உள்ள கண்மாய் பெருகினால் அதன் மறுகால், அதாவது மிகுநீர், கலுங்கு என்னும் நீர்போக்கி வழியே கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு நிலையான முகவரி இருந்து, ‘இந்தக் கண்மாயின் மறுகால் இன்ன கண்மாய்க்குப் பாய்கிறது’, ‘இந்தக் கண்மாய் இன்ன வருவாய்க் கிராமத்தில் இன்ன புல எண்களில் அமைந்துள்ளது’, ‘இதன் ஆயக்கட்டு இவ்வளவு’ என்ற சிறு சிறு கூற்றுகளாகத் தகவல் வெளியிடப்பட்டால், அவற்றை ஒன்றோடொன்று கோத்து ஒரு தொடரின் தலைக் கண்மாய் முதல் கடைசிக் கண்மாய் வரை கணினியாலேயே வரிசைப்படுத்திவிடலாம். நடுவில் ஒரு கண்மாயின் கலுங்கு உடைந்தால் கீழே எந்தெந்த ஊர்கள் பாதிக்கப்படும், ஒரு வரத்துக்கால் அடைபட்டால் எத்தனை ஏக்கர் காயும் என்ற கேள்விகளுக்கு, மூன்று துறைகளின் அலுவலகங்களுக்கு அலையாமல் விடை கிடைக்கும். நீர்வளத் துறை தன் கூற்றுகளைத் தன்னிடமும், வருவாய்த் துறை தன்னுடையதைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்ட வேண்டியதில்லை என்பதுதான் இம்முறையின் பெரிய நன்மை. கண்மாயின் முகவரி மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் போதும்.

அந்த முகவரி, துறையின் பெயரோடு கட்டப்பட்டதாக இருக்கக் கூடாது. பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை 2021-இல் தனியே பிரிக்கப்பட்டது. நாளை வேறு மாற்றமும் வரலாம். துறை மாறும்போதெல்லாம் இணையதள முகவரியும் மாறினால், முன்பு குறித்துவைத்த இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும். அதேபோல, அடையாள எண்ணுக்குள் மாவட்டத்தின் எண்ணைப் புதைத்துவைப்பதும் சிக்கலுக்கு வழிவகுக்கும். பள்ளிகளுக்கு வழங்கப்படும் 11 இலக்க யுடைஸ் எண்ணில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊர் ஆகியவற்றுக்கு இலக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மாவட்டம் பிரிந்தால் எண்ணை மாற்றிப் பழைய பதிவுகளோடு உள்ள தொடர்பை அறுப்பதா, அல்லது பழைய மாவட்டத்தின் இலக்கத்தோடு பள்ளியைப் புதிய மாவட்டத்தில் வைத்திருப்பதா என்ற இக்கட்டு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பள்ளியின் எண் பள்ளியை மட்டுமே குறித்து, அது எந்த மாவட்டத்தில் எந்த நாளிலிருந்து இருக்கிறது என்பது தனிக் கூற்றாக இருக்குமானால் இந்த இக்கட்டு எழாது.

மாவட்டப் பிரிவினை நமக்கு அரிய நிகழ்வு அன்று. எங்கள் மாவட்டமே 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல்களில் சிவகங்கை மாவட்டத்தைத் தேடுபவர், அது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்ற பெயரில் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். 1997-க்குப் பிறகுதான் இன்றைய பெயர் வந்தது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் 32 மாவட்டங்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவையும் 2020-இல் மயிலாடுதுறையும் உருவாகி இன்று 38 ஆகியுள்ளன. புதிய திருப்பத்தூர் மாவட்டம் வந்ததிலிருந்து எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டத்தின் புள்ளிவிவரமும் அதனுடையதும் ஒரே பெயரில் தேடலில் கலந்து வருகின்றன. சட்டமன்றத் தொகுதிகளில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. வடக்கே உள்ள திருப்பத்தூர் 50-ஆம் எண் தொகுதி, எங்களுடையது 185. தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தொகுதிக்கும் எண் கொடுத்து எல்லா ஆவணங்களிலும் அதைப் பயன்படுத்துவதால், பெயர் ஒன்றாக இருந்தும் அந்த எண்ணைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. அந்த எண்களும் 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிந்தையவை என்பதால், எந்தக் காலத்து எண் என்ற குறிப்பும் உடன் இருக்க வேண்டும்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜூன் மாதத்தில் நடந்ததைவிட வேறு சான்று வேண்டாம். 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது; சில நாள்களிலேயே அது திரும்பப் பெறவும்பட்டது. ஊர்ப்பெயரைத் தமிழ் ஒலிப்படி எழுத வேண்டும் என்ற விருப்பத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அந்த ஆணை நிலைத்திருந்தால், பெயரைக் கொண்டே ஊரை அடையாளம் காணும் எல்லாக் கணினிப் பட்டியல்களும் ஒரே நாளில் அறுபட்டிருக்கும். ஊருக்கு நிலையான அடையாளம் இருந்தால் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். பழைய பெயர், புதிய பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாம் அந்த அடையாளத்தின் கீழ் ஆண்டுக் குறிப்போடு வரிசையாக நிற்கும்.

நிலையான அடையாளம் இல்லாததன் பாதிப்பு கொரோனா காலத்தில் நேரடியாகவே தெரிந்தது. மாநில அரசின் நாளறிக்கை ஒவ்வொரு மாலையும் பிடிஎஃப் கோப்பாக வெளிவந்தது. நாடெங்கும் தன்னார்வலர்கள் இத்தகைய அறிக்கைகளிலிருந்து எண்களை எடுத்துத் தட்டச்சு செய்து, மாவட்டவாரியாகத் தொகுத்துத் திறந்த தரவாக வெளியிட்டனர். நம் அறிக்கையின் மாவட்டப் பட்டியலில் மாவட்டங்களோடு விமான நிலையக் கண்காணிப்பு, ரயில் நிலையக் கண்காணிப்பு என்ற வரிகளும் இருந்தன. புதிய மாவட்டங்களில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர் என்று கணக்கிட முயன்றவர்கள், 2011 கணக்கெடுப்பில் அந்த மாவட்டங்களே இல்லாததால், வட்டம் வட்டமாகக் கூட்டி மக்கள்தொகையைத் தாங்களே கணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தெந்த வட்டங்கள் எந்த நாளில் எந்த மாவட்டத்துக்குச் சென்றன என்பது கணினி படித்தறியும் வடிவில் அரசிடமிருந்தே கிடைத்திருந்தால், அந்த நெருக்கடியான நாள்களில் அவர்களின் உழைப்பு வேறு நல்ல வேலைக்குப் பயன்பட்டிருக்கும்.

பிரிட்டனில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2010 ஜனவரியில் அந்நாட்டு அரசின் தரவுத் தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்நாட்டு நில அளவை நிறுவனம் நிர்வாக எல்லைகளை இணைக்கப்பட்ட தரவாக வெளியிட்டது. தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் சட்டத் தளத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும், சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரி உண்டு. 2011 முதல் அங்கே பின்பற்றப்படும் புள்ளியியல் குறியீட்டு முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது: பகுதியின் பெயர் மட்டும் மாறினால் குறியீடு மாறாது, எல்லை மாறினால் புதிய குறியீடு வழங்கப்படும். பழைய குறியீட்டை அழித்துவிடாமல், இது இன்ன நாளோடு முடிந்தது, இதற்குப் பதில் இது வந்தது என்று பதிந்து வைப்பார்கள். எளிய விதிதான். ஆனால் பத்தாண்டு இடைவெளியுள்ள இரு புள்ளிவிவரங்களை ஒப்பிடலாமா, கூடாதா என்பதை அந்த ஒரு விதி தீர்த்துவைக்கிறது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அமைப்புகளுக்கான குறியீட்டுத் தளத்தில் மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராம ஊராட்சி, கிராமம் ஆகிய எல்லாவற்றுக்கும் எண் கொடுக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்புக் குறியீடுகளோடு ஒப்பிடவும் அதில் வழியுண்டு. தமிழகத்தின் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளுக்கும் ஆளுக்கோர் எண் உண்டு என்பதை அந்த ஊராட்சிகளில் பணியாற்றுபவர்களே பலர் அறிந்திருக்கிறார்கள். குறை என்னவென்றால், துறைகள் மக்களுக்காக வெளியிடும் அட்டவணைகள் பலவற்றில் அந்த எண்ணுக்கென ஒரு கட்டமே இருப்பதில்லை. ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். எழுத்துக்கூட்டலும் துறைக்குத் துறை மாறும். அந்த ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். சேர்த்தால் பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், கண்மாய் ஆகிய எல்லாப் பட்டியல்களும் ஊர் அளவில் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தும்.

இது சலுகையாகக் கேட்கப்படுவது அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4, ஆவணங்களை முறைப்படி பட்டியலிட்டு அட்டவணைப்படுத்த வேண்டும் என்றும், கணினியில் ஏற்றத்தக்கவற்றை ஏற்றி நாடு முழுவதும் வலையமைப்பால் இணைக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. மக்கள் மனுப் போட வேண்டிய தேவையே மிகக் குறைவாகும்படி தகவலைத் தாமாக முன்வந்து வெளியிட வேண்டும் என்றும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இன்றோ, ஒரு கண்மாயின் புல எண்ணைக் கேட்டு மனுப் போட்டால் ஒளிநகல் எடுத்த தாள் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்க் கோப்புகள் பலவும் வானவில் என்ற பழைய வகை எழுத்துருவில் உருவானவை. ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்து விழுகின்றன. 2010-லேயே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு தரநிலையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றும் பணியும் அதன் தொடர்ச்சியாக நடந்திருக்க வேண்டும்.

இணைப்பு என்றதும் தனிமனிதர் அந்தரங்கம் பற்றிய அச்சம் எழுவது நியாயமே. அதை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். வெவ்வேறு பட்டியல்களில் தனித்தனியே தீங்கற்றவையாகத் தோன்றும் விவரங்கள், ஒன்றாகச் சேரும்போது ஒரு குடும்பத்தின் வறுமையையோ நோயையோ ஊரறியச் செய்துவிடும். ஆகவே நான் கேட்பது ஊர், கண்மாய், பள்ளி, சாலை, சட்டம், அரசாணை, வரவு செலவு ஆகிய பொதுப் பொருள்களுக்கான இணைப்பு மட்டுமே. பயனாளிகளின் பெயர்ப் பட்டியலையும் ஆதார் எண்ணையும் இந்தத் திட்டத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவைக்கலாம். அதே நேரத்தில், 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டி, எந்தத் தனிநபரையும் சாராத கண்மாய்க் கணக்கையும் மறைக்கும் வழக்கம் வளர்ந்துவிடக் கூடாது.

பிழைகள் வெளியே தெரிந்துவிடும் என்ற தயக்கமும் அலுவலகங்களில் உண்டு. தெரியத்தான் செய்யும். ஒரே கண்மாய்க்கு ஒரு துறை ஓர் ஆயக்கட்டும் மற்றொரு துறை வேறோர் ஆயக்கட்டும் எழுதியிருப்பது இணைத்தவுடன் கண்ணில் படும். அதைச் சுட்டிக்காட்டவும், ஊரார் உதவியோடு நேரில் அளந்து திருத்தவும் அதுவே வாய்ப்பு. இரு துறைகளும் தத்தம் எண்ணை வைத்துக்கொண்டு தனித்தனியே மதிப்பீடு தயாரித்துப் பணம் ஒதுக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

தமிழக அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஊராட்சி, வருவாய்க் கிராமம், நீர்நிலை ஆகிய மூன்றுக்கும் முதற்கட்டமாக நிலையான இணைய முகவரிகளை, தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கத்தக்க பக்கங்களோடும் கணினிக்கான வடிவங்களோடும், துறைகளின் பெயர் சாராத ஒரே தளத்தில் வெளியிட வேண்டும். இனி எந்தத் துறை வெளியிடும் அட்டவணையிலும் அந்த அடையாளம் கட்டாயம் இடம்பெற வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் முதல் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. நாட்டின் முதல் மின்னணுக் கணக்கெடுப்பாகவும் அது அமையப்போகிறது. 2011-க்குப் பிறகு பிரிந்த மாவட்டங்கள், வட்டங்கள், நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் சேர்க்கப்பட்ட ஊராட்சிகள் ஆகிய அனைத்தையும், பழைய குறியீடு, புதிய குறியீடு, மாறிய நாள், அதற்கான அரசாணை எண் ஆகியவற்றோடு ஒப்பிடும் அட்டவணை ஒன்றை மாநில அரசு இப்போதே தயாரிக்கத் தொடங்க வேண்டும். கணக்கெடுப்பின் முதல் எண்கள் வெளிவரும்போது அந்த அட்டவணையும் திறந்த உரிமத்தோடு மக்கள் கையில் இருந்தால்தான், பதினாறு ஆண்டுகளில் ஓர் ஊரில் என்ன மாறியது என்று அந்த ஊராராலேயே பார்க்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சிவகங்கை மாவட்டம்.